விராலுக்கு எத்தனை ஆயிரத்தில் ராடு வேண்டும்?

மேல்மலையனூர், வளத்தி, அவலூர்ப்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் எந்த ஏரிக்கரையில் ரீல் மாட்டிய தூண்டில் ராடோடு நின்றாலும், போகிறவர் வருகிறவர் இரண்டு கேள்வி கேட்பார்கள். "இன்னா தம்பி, எதுனா மாட்டுச்சா?" என்பது முதல் கேள்வி. "இந்தக் குச்சி எவ்ளோ?" என்பது இரண்டாவது. விலையைச் சொன்னதும், மூங்கில் கழியிலேயே காலமெல்லாம் விரால் பிடித்த பெரியவர்கள் ராடை மேலும் கீழும் பார்ப்பார்கள். அவர்கள் சந்தேகம் நியாயமானது. இவ்வளவு பணம் கொடுத்தால் அது எதற்குப் போகிறது? நம் ஏரியில் அதனால் ஒரு மீனாவது கூடுதலாகக் கிடைக்குமா?

மூவாயிரம் ரூபாய் ராடு முதல், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த உச்ச விலை ராடுகள் வரை இந்த ஏரிகளிலும் மரக்காணம் பக்கத்துக் கழிமுகத்திலும் வீசிப் பார்த்திருக்கிறேன். புதிதாக ராடு வாங்க நினைக்கும் செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு என் கை கண்ட பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கடையில் 'பாஸ் ராடு' என்று விற்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ் என்பது அமெரிக்க நன்னீர் மீன். நம் ஏரி குளங்களில் அது கிடையாது. ஆனால் இன்று உலகத்தில் விற்கும் நல்ல நன்னீர் ராடுகளில் பல அந்த ஒரு மீனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில் ஒரு பாஸ் பிடித்தார். ஏறத்தாழ 10 கிலோ. அந்தச் சாதனைக்கு இணையாக இன்னொரு மீன் கிடைக்க 2009 வரை ஆயிற்று. அதுவும் அமெரிக்காவில் இல்லை, ஜப்பானின் பிவா ஏரியில். பிடித்தவர் மனாபு குரிட்டா. 1925இலேயே ஜப்பானின் ஆஷி ஏரியில் பாஸ் கொண்டுவந்து விடப்பட்டது. அமெரிக்காவில் ரே ஸ்காட் 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பரிசுப் போட்டி நடத்தினார். அதன்பின் பாஸ் தூண்டில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. போட்டியில் பணம் வந்ததும் ராடுக்குள் ஆராய்ச்சியும் வந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் போட்டி போட்டுக்கொண்டு ராடு செய்வதற்கு இதுதான் பின்னணி.

இதில் நமக்கு என்ன என்று கேட்டால், விராலின் குணமும் பாஸின் குணமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் இலை, தழை, வேர், கட்டை ஓரத்தில் பதுங்கி நின்று, மேலே போகிற இரையைத் திடீரென்று பாய்ந்து அடிப்பவை. 2002இல் மேரிலாண்டு மாநிலத்தின் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குட்டையில் விரால் இனத்து மீன் ஒன்று கிடைத்து, அமெரிக்காவே பதறியது. பிறகு பொட்டோமாக் ஆற்றிலும் அது பரவியது. இன்று அங்கே அதைப் பிடிக்கிறவர்கள் எடுத்துப் போவது அதே பாஸ் ராடையும் அதே ரப்பர் தவளையையும்தான். அதனால் பாஸ் ராடை விரால் ராடாக வாங்குவதில் தப்பே இல்லை. எந்த பாஸ் ராடு என்பதில்தான் யோசனை வேண்டும்.

அதற்கு நம் ஏரியைப் பார்க்க வேண்டும். எங்கள் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கோடி போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை உலுக்கிய மாதிரி ஒரு மழை வந்தால், ஏரி எது, வயல் எது என்றே தெரியாது. பங்குனி வந்தால் தண்ணீர் மதகடிக்குச் சுருங்கிவிடும். சித்திரை, வைகாசியில் பல ஏரிகளில் தரை வெடித்துக் கிடக்கும். ஆழமும் குறைவு. உள்ளே நட்டு வளர்த்த கருவேல மரங்கள், வெட்டிய கட்டைகள், ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு, நடுவில் தாமரை, அல்லி, சில இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை. விரால் இருப்பது இவற்றின் சந்துகளில். மூச்சு வாங்க அது மேலே வந்துதான் ஆக வேண்டும். 'களக்' என்று ஒரு சத்தமும் ஒரு குமிழும் தெரிந்தால், ஆள் அங்கே இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆக, இங்கே ராடுக்கு மூன்று வேலை. பத்து கிராம் தவளையைப் பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி, ஒரு முறம் அகலச் சந்தில் விழ வைக்க வேண்டும். விராலின் கெட்டியான வாயில் இரட்டை முள்ளை ஏற்ற வேண்டும். முள் ஏறிய நொடியே, தாமரைத் தண்டில் அது சுற்றிக்கொள்ளும் முன் தலையை மேலே திருப்பி இழுத்துவர வேண்டும். உச்ச விலை ராடு இந்த மூன்றையும் மற்ற ராடுகளைவிட எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதுதான் கணக்கு.

உச்ச விலை என்றால் எது? அமெரிக்காவில் ஜி.லூமிஸ் 1982இல் வாஷிங்டன் மாநிலத்தின் உட்லண்டில் தொடங்கியது, 1997இல் ஷிமானோ வாங்கியது. அவர்களுடைய என்.ஆர்.எக்ஸ். பிளஸ் ராடு அங்கேயே 500 டாலருக்கு மேல். நம் கைக்கு வரும்போது சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்ந்து 50 ஆயிரத்தைத் தாண்டிவிடும். விஸ்கான்சினின் பார்க் ஃபால்ஸில் 1948 முதல் ராடு செய்யும் செயின்ட் குரோவின் லெஜண்டு வரிசை, ஷிமானோவின் பாய்சன் அட்ரீனா, டைவாவின் ஸ்டீஸ், ஹமமட்சுவில் யுகி இத்தோ 1986இல் தொடங்கிய மெகாபாஸின் டிஸ்ட்ராயர் ஆகியவையும் இந்த உயர வரிசைதான். அடுத்த படியில் ஷிமானோ ஜோடியாஸ், டைவா டட்டுலா, செயின்ட் குரோ மோஜோ பாஸ் போன்றவை. மோஜோ பாஸ் அமெரிக்காவில் 150 டாலரை ஒட்டிக் கிடைக்கும். அதற்கும் கீழே, நம் ஊர்க் கடைகளிலேயே மூவாயிரம் முதல் ஏழாயிரம் வரை லூக்கானா, ஆபு கார்சியா, டைவா, ஷிமானோ என்று பல ராடுகள் இருக்கின்றன.

உச்ச விலையில் பணம் போகும் முதல் இடம் கார்பன். விளம்பரத்தில் 24 டன், 30 டன், 40 டன் என்று எண்கள் இருக்கும். பலர் அதை வலிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது கார்பன் நாரின் விறைப்பை. விறைப்பு கூடினால் குறைவான நாரிலேயே ராடு நிமிர்ந்து நிற்கும், அதனால் எடை குறையும், நுனியில் படும் சின்ன அதிர்வும் கைப்பிடி வரை வந்து சேரும். ஆனால் சுவர் மெலிதாகிவிடும். பச்சை மூங்கில் வளையும், நன்றாகக் காய்ந்த மூங்கில் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும், தட்டினால் தெறித்துவிடும். அந்த வித்தியாசம்தான் இதுவும். நல்ல கம்பெனிகள் நாரைச் சாய்வாகவும் குறுக்காகவும் சுற்றி, உயர்ந்த பிசின் போட்டு இந்தக் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். விலை கூடுவதற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

அந்த அதிர்வைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. நண்பர் ஒருவரைப் பேசச் சொல்லி, ராடின் நுனியை அவர் தொண்டைக் குமிழில் மெல்ல வைத்துவிட்டு, கைப்பிடியில் உங்கள் விரலை வையுங்கள். மூவாயிரம் ரூபாய் ராடில் ஏதோ மங்கலாக வரும். என்.ஆர்.எக்ஸ். ராடில் அவர் குரலின் ஏற்ற இறக்கம்கூட விரலில் துடிக்கும். முதல் தடவை நான் உணர்ந்தபோது ஆச்சரியப்பட்டுப் போனேன். இது விளம்பரப் பேச்சு இல்லை, கையில் தெரிகிற உண்மை.

அந்த உண்மைக்கு வேலை எங்கே இருக்கிறது என்பதை மரக்காணம் பக்கம் கொடுவாய் மீனுக்கு வீசும்போது கண்டேன். கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில், ஈயத்தலை மாட்டிய ரப்பர் மீனை அடித்தரையில் விட்டு மெல்லத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இப்போது மணல், இப்போது ஆளி ஓடு, இப்போது நூலில் தொங்கும் பாசி என்று எல்லாவற்றையும் விரல்தான் சொல்ல வேண்டும். கொடுவாய் பல நேரம் வாயைத் திறந்து இரையை உறிஞ்சி, பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். நூலில் வருவது ஒரு சின்ன 'டிக்'. அந்த 'டிக்' சாதாரண ராடில் வருவதே இல்லை. நல்ல ராடில் வருகிறது, கை தானாக எழும்புகிறது. முட்டுக்காடு, பழவேற்காடு என்று உவர்நீரில் அடிக்கடி வீசுகிறவர்களுக்கு, நல்ல கார்பனுக்குக் கொடுக்கும் காசு மீனாகத் திரும்பி வரும். (மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம், அந்த எல்லைக்குள் தூண்டிலோடு போக வேண்டாம்.)

இப்போது அதே ராடை எடுத்துக்கொண்டு எங்கள் ஏரிக்கு வாருங்கள். தவளை இலைமேல் தத்தி வருகிறது. அதை நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். விரால் வந்து அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தம் அடுத்த கரையில் மாடு மேய்ப்பவருக்கும் கேட்கும். இதைத் தெரிந்துகொள்ள விரலில் நுட்பம் எதற்கு? மேல்தண்ணீர்த் தவளையில் விரால் பிடிப்பவருக்கு, உச்ச விலை ராடின் மிகப் பெரிய சிறப்பு பெரும்பாலும் சும்மா இருக்கும். என் முடிவான கருத்து இது.

எடை குறைவு மட்டும் உண்மையான வசதி. உயர்ந்த ராடுகள் 100 முதல் 130 கிராம் வரைதான் இருக்கும். மலிவான ராடுகளில் சில 200 கிராமைத் தாண்டும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் வரை வீசினால் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் தனி ராடின் எடையைவிட, ரீல் மாட்டிய பிறகு முன்பக்கம் கவிழாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். கடைக்குப் போகும்போது உங்கள் ரீலைக் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டி, ரீலுக்கு முன்னால் ஒற்றை விரலில் தாங்கிப் பாருங்கள். நுனி சரசரவென்று கீழே போனால், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சாயங்காலம் கை வலிக்கும்.

விராலுக்குப் பணம் போட வேண்டிய முதல் இடம் கைடு. நூல் ஓடும் அந்த வளையங்களைத்தான் சொல்கிறேன். நாம் போடுவது 30, 40 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நூல். சேற்றுத் தண்ணீரில் நனைந்த பிரெய்டு, உள்ளே மண்துகளையும் சேர்த்துக்கொண்டு ஓடும்போது அரம் போல வேலை செய்யும். மட்டமான வளையத்தில் கொஞ்ச நாளிலேயே மெல்லிய பள்ளம் விழும். பள்ளத்தின் விளிம்பு நூலை அறுக்கும். நல்ல விரால் ஒன்று அறுத்துக்கொண்டு போனால் எல்லோரும் நூலைத் திட்டுவார்கள், வளையத்தைப் பார்ப்பதில்லை. ஜப்பானின் ஃபூஜி கம்பெனியின் கைடு என்று ராடில் எழுதியிருந்தால் பெரும்பாலும் நம்பலாம். அதிலேயே சிலிக்கான் கார்பைடு வளையம் மேல். அதற்கு அடுத்த படியில் இருக்கும் அல்கோனைட் வளையமே நம் வேலைக்குப் போதும்.

வளையத்தைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். மருந்துக்கடைப் பஞ்சைக் கொஞ்சம் திரித்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றிலும் தேய்த்து இழுங்கள். எங்காவது ஒரு இழை மாட்டி நின்றால் அங்கே கீறலோ பள்ளமோ இருக்கிறது. நுனி வளையத்தை இரண்டு முறை பாருங்கள். மீன் இழுக்கும்போது நூல் கூர்மையாக மடங்குவது அங்கேதான். புது ராடு வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்யலாம். கடைக்காரர் கோபித்துக்கொண்டால், வேறு கடை இருக்கிறது.

அடுத்தது, ராடின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும் லூர் (செயற்கை இரை) எடை. பவர் (வலு), ஆக்ஷன் (வளையும் விதம்) என்று எல்லோரும் பேசுவார்கள், இதை யாரும் படிப்பதில்லை. விரால் பலமான மீன், தாமரைக்குள் இருக்கிறது, அதனால் 'ஹெவி' ராடு வாங்கு என்று சொல்வார்கள். அமெரிக்க ஹெவி தவளை ராடுகள் பல, அரை அவுன்சுக்கு மேல், அதாவது 14 கிராமுக்கு மேலான லூருக்காகச் செய்தவை. நம் பக்கம் விரால் விரும்பி எடுப்பது எட்டு முதல் பன்னிரண்டு கிராம் வரையிலான சின்னத் தவளைகளை. அந்த எடைக்கு ஹெவி ராடின் நுனி வளையாது. நுனி வளைந்தால்தான் லூர் பறக்கும். வளையாத ராடில் எவ்வளவு வீசினாலும் தவளை பாதி வழியில் தொப்பென்று விழும். நாம் குறிவைத்த சந்துக்குப் போகாது. ஏழடி அல்லது ஆறடி ஒன்பது அங்குலம், மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன், லூர் எடை 7 முதல் 21 கிராம் வரை என்று எழுதிய ராடுதான் எங்கள் ஏரிகளுக்குச் சரியாக அமைகிறது. இங்கே கிடைக்கும் விரால் பெரும்பாலும் அரைக் கிலோவில் இருந்து ஒன்றரைக் கிலோவுக்குள்தான். அதற்கு மீடியம் ஹெவியின் முதுகே தாராளம்.

காஸ்டிங் ராடா (ரீல் மேலே உட்காரும்), ஸ்பின்னிங் ராடா (ரீல் கீழே தொங்கும்) என்ற சண்டைக்குள் அதிகம் போக விரும்பவில்லை. குறி துல்லியமாக விழ வேண்டும் என்றால் காஸ்டிங். ஆறு, ஏழு கிராம் குட்டித் தவளை வீசுவதற்கும், புதிதாகப் பழகுகிறவருக்கும் ஸ்பின்னிங். அவ்வளவுதான்.

ஒரே துண்டு ராடு வாங்குவதா, இரண்டாக மாட்டும் ராடு வாங்குவதா என்பதில்தான் நம் ஊர் நிலவரம் முழுமையாக உள்ளே வருகிறது. அமெரிக்காவில் படகில் ராடு வைக்கத் தனிப் பெட்டியே இருக்கும். உச்ச விலை பாஸ் ராடுகள் பெரும்பாலும் ஒரே துண்டாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குப் பைக்கும் பேருந்தும். செஞ்சியில் இருந்து மேல்மலையனூருக்கு அமாவாசை அன்று பேருந்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டத்தில் கைப்பை வைக்கவே இடமிருக்காது, ஏழடிக் குச்சியை எங்கே வைப்பது? கூரியரில் வரும் ஒரே துண்டு ராடு முழுசாக வந்து சேருவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு துண்டு ராடில் நுட்பம் கொஞ்சம் குறையும் என்பார்கள். இப்போதைய நல்ல ராடுகளில் அந்த வித்தியாசத்தை என் கை கண்டுபிடிக்கவில்லை.

மாட்டும் இடத்தைப் பராமரிக்க வேண்டும். உள்ளே போகும் முனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, கால் சுற்று திருப்பி அழுத்தி மாட்டுங்கள். வீச வீச அது தளரும். மேல்துண்டு லூரோடு சேர்ந்து ஏரிக்குள் பறந்துபோனதை நேரில் பார்த்திருக்கிறேன். அவ்வப்போது ஒரு கை அழுத்தம் கொடுத்தால் போதும். மண் ஒட்டிய முனையைத் துடைக்காமல் மாட்டவே கூடாது. பைக்கில் எடுத்துப் போக, இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பை நாலடி நீளத்துக்கு வெட்டி, இருபக்கமும் மூடி போட்டு, உள்ளே பழைய போர்வைத் துண்டைச் சுருட்டி வைத்தால் அதற்கு ஈடான உறை கடையில் இல்லை.

உறை ஏன் இவ்வளவு அவசியம் என்றால், கார்பன் ராடு மீன் இழுத்து உடைவது அபூர்வம். கரையில் அடுக்கிய கல்லில் தட்டியோ, பைக் ஸ்டாண்டில் இடித்தோ, ஈயத்தலை லூர் பறந்து வந்து அடித்தோ கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம் விழுந்திருக்கும். பல மாதம் கழித்து, ஒரு சாதாரண மீனில், அந்த இடத்தில் தெறிக்கும். மெலிந்த சுவர் கொண்ட உயர்ந்த கார்பனுக்கு இந்த ஆபத்து அதிகம். கற்கரையும் கட்டாந்தரையும் நிறைந்த எங்கள் பக்கத்தில் இதையும் விலையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

உடைவதற்கு இன்னொரு வழி, மீனைத் தூக்கும் விதம். என் நண்பர் ஒருவர் ஒரு கிலோ விராலைக் கரை ஓரம் வரை அழகாகக் கொண்டுவந்தார். நூலை நுனிக்குப் பக்கத்தில் சுருட்டிவிட்டு, ராடை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக் கரைமேல் தூக்கினார். நுனியில் இருந்து ஓரடி கீழே சட்டென்று முறிந்தது. நல்ல கம்பெனி ராடு, குறை அதில் இல்லை. ராடு சாய்வாக இருக்கும்வரை, மீனின் எடை கைப்பிடிக்கு மேல் உள்ள தடித்த பகுதிக்குப் போகும். செங்குத்தைத் தாண்டிப் பின்னால் சாய்த்தால் முழு எடையும் மெல்லிய நுனியில் விழும். ஒன்றரை அடி நூலாவது வெளியே விட்டு, ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, மீனை ஓரத்தில் சரித்து இழுங்கள். குனிந்து கையில் எடுங்கள், அல்லது வலைக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

லூர் கருவேலக் கட்டையில் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்க வேண்டாம். ராடை நூலுக்கு நேராக நீட்டி, நூலை ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி, குச்சியைப் பிடித்துப் பின்னால் நடங்கள். வெறும் கையில் சுற்றினால் பிரெய்டு சதையை அறுத்துவிடும்.

இன்னொன்றை மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டியும் வயல் நடுவிலும் பம்பு செட்டுக்குப் போகும் மின்கம்பிகள் பல இடங்களில் தொய்ந்து தாழ்வாகத் தொங்குகின்றன. மாட்டிய ராடை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடக்கக் கூடாது. வீசும் இடத்தில் நின்றதும் முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். கோடை மழைக்கு முன்னால் இடி தூரத்தில் உறுமினாலும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். திறந்த ஏரிக்கரையில் உயரமான பொருள் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கார்பன் குச்சிதான். எந்த விராலும் உயிருக்கு ஈடு இல்லை.

ராடில் வராத வித்தை ஒன்று உண்டு. அதை மூங்கில் கழிக்காரர் ஒருவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். விரால் அடித்ததும் நான் படாரென்று இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, "அடிச்சவுடனே இழுக்காத தம்பி. வாயில போட்டுக்கிட்டுத் திரும்பட்டும். நூல் நகருதா பாரு, அப்பால இழு" என்றார். தவளை லூர் உள்ளே காலியானது. விரால் வாயை மூடி அழுத்தினால்தான் இரட்டை முள் வெளியே வரும். அவர் சொன்ன அந்த ஒரு மூச்சுப் பொறுமை, ஐம்பதாயிரம் ரூபாய் ராடு கொடுக்காத மீன்களைக் கொடுத்தது. உயிர்த்தவளை கோத்துக் கழியில் பிடித்தவர் அவர். லூரைப் பார்த்ததே இல்லை. மீனைத் தெரிந்திருந்தார்.

எங்கே வீசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஏரிகளில் மீன்பாசி குத்தகை விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள். "அண்ணே, லூர்ல நாலு வீசு வீசிக்கிறேன், விரால் விழுந்தா காமிச்சிட்டுப் போறேன்" என்று நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காமல் வீசினால் தகராறுதான், நியாயம் அவர் பக்கம். மேல்மலையனூர் அக்னி தீர்த்தம் கோயில் குளம். அங்கே தூண்டில் கூடாது. செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சி சேர்ந்துவிட்டது. கோட்டையைப் பார்க்கப் போகும்போது ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி காசுக் கணக்கு. முதல் ராடு வாங்குகிறவர் என்றால் ஐந்தாயிரம், ஆறாயிரத்தில் ஏழடி மீடியம் ஹெவி, இரண்டு துண்டு, நல்ல கைடு உள்ள ராடு ஒன்றை எடுங்கள். அதே அளவு பணத்தை ரீலுக்கு ஒதுக்குங்கள். எட்டு இழைப் பிரெய்டு நூலில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பருவம் பழகிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் பத்து முதல் பதினைந்தாயிரத்துக்குள் ஜோடியாஸ், டட்டுலா, மோஜோ பாஸ் தரத்துக்குப் போங்கள். விரால் பிடிப்பவருக்கு, கொடுத்த காசு முழுசாக வேலை செய்யும் இடம் அதுதான். அதற்கு மேல் போனால் கைக்கு இன்பம் கூடும், மீன் கூடாது. உச்ச விலை ராடு, உவர்நீரில் அடித்தரை லூர் வீசுகிறவருக்கு, காரில் போகிறவருக்கு, உடைந்தால் தாங்கிக்கொள்ள முடிகிறவருக்கு. அப்படி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அவ்வளவு அருமையான பொருள் அது.

எந்த ராடு கையில் இருந்தாலும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறத்தில் பொடிக்குஞ்சுகள் கொத்தாகக் கொதிப்பது தெரிந்தால், அதன் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் எந்தத் தவளை போட்டாலும் கோபத்தில் அவை அடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பெரிய மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தில் வீசாதீர்கள். பக்கத்தில் வீசுகிறவரிடமும் சொல்லுங்கள்.